ஆவிக்கு வழி விடுவோம்!

காபி மெஷினைப் பாதுகாப்பாகக் கையாள்வது எப்படி? - ஓர் அனுபவப் பகிர்வு

(எண்ணூர் நெட்டுக்குப்பத்துக்குக் களப்பயணமாக வந்திருந்த கிராமப்புறக் குழு உறுப்பினர்களிடம், அங்கு காபிக்கடை நடத்தும் மகளிர் குழுவினர் பேசியதன் எழுத்து வடிவம். பேசிய நடையிலேயே தரப்படுகிறது.)

விடியற்காலையிலேயே பஸ் ஏறி, லாரித் தூசியில இவ்வளவு தூரம் வந்திருக்கீங்க. வந்ததும் ஆளுக்கொரு காபி குடிச்சீங்க இல்லையா? அந்தக் காபி வந்த மெஷினைப் பத்தித்தான் இன்னிக்குப் பேசப் போறோம். காபி நல்லா இருந்துச்சுன்னு சொன்னீங்க, சந்தோஷம். ஆனா அந்த மெஷின் எங்களுக்கு ஒரு பாடமும் சொல்லிக் கொடுத்தது. அந்தப் பாடத்துக்கு எங்க உறுப்பினர் ஒருத்தங்க கை வெந்து போச்சு. உங்க ஊர்ல யாருக்கும் அப்படி ஆகக்கூடாதுன்னுதான் மறைக்காம சொல்றோம்.

எங்க ஊரைப் பத்தி ரெண்டு வார்த்தை. ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் கொசஸ்தலை ஆறு கடலோட சேர்ற முகத்துவாரம். சுத்திலும் துறைமுகம், அனல்மின் நிலையம், தொழிற்சாலை. எங்களுக்கு மீன்தான் சோறு. 2023 டிசம்பர் மாசம் மிக்ஜாம் புயல் மழை வெள்ளத்தோட எண்ணெயும் கலந்து வந்து, ஆறு, படகு, வலை எல்லாம் கறுப்பாயிடுச்சு. அதுக்கப்புறம் கூடையைத் தூக்கிட்டுப் போனா, "எண்ணூர் மீனா?"னு கேட்டுட்டு ஜனங்க நகர்ந்து போனாங்க. அப்பதான் குழுக் கூட்டத்தில, "மீனை மட்டும் நம்பி இருக்க முடியாது, கூட ஒரு தொழில் வேணும்"னு தீர்மானம் போட்டோம்.

இங்க லாரி டிரைவருங்க, ஷிப்ட் வேலைக்குப் போறவங்க நிறைய பேர் இருக்காங்க. ராத்திரி பகல் காபி, டீ ஓடும். கல்யாணம், காதுகுத்துன்னா 'எக்ஸ்பிரஸோ' காபி ஆர்டரும் கிடைக்கும். அதனால உள்கடன் எடுத்து ஒரு பழைய ஆவி மெஷின் வாங்கினோம். பிறகு வங்கிக் கடன்ல ஒரு கரண்ட் மெஷினும் வாங்கினோம்.

மூணும் ஒண்ணு இல்லை

முதல்ல ஒரு விஷயத்தைத் தெளிவு படுத்திக்கணும். டீக்கடையில இருக்குற பித்தளை பாய்லர் ஒரு வகை. நடுவுல கரி, சுத்தித் தண்ணி, மேல மூடி. அந்த மூடி சும்மா வச்சிருக்கறதுதான். ஆவி தானா வெளியே போயிடும். அதுல சூடு உண்டு, அழுத்தம் கிடையாது.

ரெண்டாவது, நம்ம கல்யாண வீட்டு எக்ஸ்பிரஸோ மெஷின். மூடியைத் திருகி இறுக்கிடுவாங்க. கீழ கேஸ் எரியும். உள்ள ஆவி அடைஞ்சு, குழாயைத் திறந்தா 'புஸ்ஸு'ன்னு பால்ல இறங்கி நுரை கட்டும். காபிக்கு டிகாஷனோ இன்ஸ்டன்ட் தூளோ தனியாப் போட்டுக்கறோம்.

மூணாவது, இப்ப ஊர் ஊரா வந்திருக்குற கரண்ட் மெஷின். கைப்பிடி வச்ச வடிகட்டியில தூளைப் போட்டு அமுக்கி மாட்டினா, பம்பு சுடுதண்ணியை அழுத்தி அதுக்குள்ள செலுத்தும். 'எஸ்பிரஸோ'ன்னா இத்தாலி பாஷையில அழுத்திப் பிழிஞ்சு எடுத்ததுன்னு பொருள் சொல்றாங்க. நாம 'எக்ஸ்பிரஸ்'னு ரயில் பேரை வச்சுட்டோம்! 1884லயே இத்தாலியில டூரின் நகரத்துக்காரர் ஆஞ்சலோ மொரியோண்டோ ஆவியால காபி போடற மெஷினுக்குக் காப்புரிமை வாங்கினார். 1901ல மிலான் நகரத்து லூயிஜி பெட்ஸேரா கைப்பிடி வடிகட்டி வச்ச மெஷின் செஞ்சார். இத்தனை வருஷமாகியும் ஆவியோட குணம் மட்டும் மாறவே இல்லை.

உள்ளே என்ன நடக்குது?

நம்ம வீட்டு பிரஷர் குக்கரை நினைச்சுக்கோங்க. திறந்த பாத்திரத்தில தண்ணி 100 டிகிரியில கொதிக்கும். குக்கர்ல ஆவி அடைபடறதால சூடு 120 டிகிரி வரைக்கும் ஏறும். காபி மெஷின் பாய்லரும் அப்படித்தான். முள் 1 கிலோ காட்டுதுன்னா உள்ள இருக்குற தண்ணி ஏறக்குறைய 120 டிகிரி சூட்டுல இருக்கு. கரண்ட் மெஷின்ல தூளுக்குள்ள போற தண்ணியை பம்பு 9 கிலோ அளவு அழுத்தத்தில தள்ளும்.

இந்தத் தண்ணிக்குத் திடீர்னு வழி கிடைச்சா என்ன ஆகும்? அந்த நொடியே ஒரு பங்கு ஆவியா மாறிப் பொங்கி வெளியே பாயும். ஒரு லிட்டர் தண்ணி முழுக்க ஆவியானா 1,600 லிட்டருக்கு மேல இடம் கேட்கும். மாடி மேல வைக்கிற ஆயிரம் லிட்டர் தொட்டி ஒண்ணும், இன்னொண்ணுல பாதிக்கு மேலயும்! அதனாலதான் சொல்றோம், ஆவி நமக்கு எதிரி இல்லை. அதுக்கு வழி விட்டா வேலை செய்யும். வழியை அடைச்சா தானே வழி பண்ணிக்கும்.

ஆவிக்கு வழி விடறதுக்குன்னே மெஷின்ல வச்சிருக்குற பாகம் 'சேஃப்டி வால்வு'. அழுத்தம் அளவு மீறினா தானா திறந்து ஆவியை வெளியே விடும். குக்கர்ல வெயிட்டுக்குப் பக்கத்தில சின்னதா ஒண்ணு இருக்குமே, அதோட அக்கான்னு வச்சுக்கோங்க.

எங்களுக்கு நடந்தது

திருவொற்றியூர்ல ஒரு கல்யாணம். பந்தி முடிஞ்சு கூட்டம் மொத்தமும் காபிக்கு வந்து நிக்குது. மெஷின்ல தண்ணி குறைஞ்சுடுச்சு. எங்க உறுப்பினர் ஒருத்தங்க - பேரு வேண்டாம், இதோ இங்கதான் உட்கார்ந்து சிரிச்சுக்கிட்டு இருக்காங்க - அவசரத்துல கேஸை அணைச்சுட்டு, ஆவியை வெளியே விடாமலே தண்ணி ஊத்தற மூடியைத் திருகிட்டாங்க. அடுப்பை அணைச்சாச்சே, அப்புறம் என்னன்னு நினைச்சுட்டாங்க. மூடி பாதி திரும்பறதுக்குள்ள ஆவி பீறிட்டு வலது கை முழங்கை வரைக்கும் வெந்து போச்சு. முகத்தைத் திருப்பியிருந்ததால கண்ணு தப்பிச்சது.

பக்கத்துல இருந்தவங்க நல்லதுன்னு நினைச்சு பற்பசையை எடுத்துப் பூசிட்டாங்க. ஆஸ்பத்திரியில அதைத் துடைச்சு எடுக்கும்போதுதான் அவங்க கதறினாங்க. மூணு வாரம் வேலைக்கு வர முடியலை. அந்தக் கையாலதான் புள்ளைக்குச் சோறு ஊட்டணும், தலை பின்னிவிடணும்.

அடுத்த குழுக் கூட்டத்துல பேச்சு வந்தது. உண்மையைச் சொல்லிடறோம். "அவங்க கவனக்குறைவால ஆர்டர் கெட்டுப் போச்சு, அபராதம் போடணும்"னு சிலர் சொன்னோம். ஆமா, எங்கள்லயே சிலர்தான். அப்ப எங்க குழுவுல மூத்த அம்மா ஒரே ஒரு கேள்வி கேட்டாங்க: "அவளுக்கு யாருடி சொல்லிக் கொடுத்தது?"

யாரும் வாயைத் திறக்கலை. ஏன்னா மெஷின் வாங்கின அன்னிக்கு வித்தவர் கால் மணி நேரம் காட்டினார். ரெண்டு பேர்தான் பார்த்தோம். மீதி பத்து பேரும் அந்த ரெண்டு பேரைப் பார்த்துக் கத்துக்கிட்டதுதான். தெரிஞ்சவங்க பாதி, தெரியாதவங்க பாதி. சேமிப்புக் கணக்கைப் பன்னிரண்டு பேரும் பார்க்கணும்னு சட்டம் வச்சிருக்கோம். உயிர் போற மெஷினை ரெண்டு பேர் நம்பிக்கையில விட்டிருந்தோம். அபராதம் போடலை. வைத்தியச் செலவைக் குழு நிதியில இருந்து கொடுத்தோம்.

கதை இதோட முடியலை. இனிமே முறையா ஓட்டணும்னு அனுபவமுள்ள மெக்கானிக் ஒருத்தரைக் கூட்டிட்டு வந்தோம். அவர் மெஷினைச் சுத்திப் பார்த்துட்டு, சேஃப்டி வால்வைத் தொட்டு, "இது யார் செஞ்ச வேலை?"ன்னு கேட்டார். வால்வு மேல ஒரு கம்பியைச் சுத்தி இறுக்கமா முறுக்கியிருந்தது. எங்களுக்கு முன்னாடி வச்சிருந்தவங்க யாரோ, ஆவி கசியுதுன்னு வால்வையே கட்டிட்டாங்க. எங்களுக்கு அது தெரியாது. கம்பியும் மெஷினோட பாகம்னு நினைச்சு, ஒரு வருஷமா தினமும் துணி வச்சுத் துடைச்சு பளபளன்னு வச்சிருந்தோம் சகோதரிகளே! ஒரு நாள் முள் அளவு மீறி ஏறியிருந்தா, கல்யாணப் பந்தல்ல என்ன ஆகியிருக்கும்? நினைச்சா இப்பவும் வயித்தைக் கலக்குது.

புது வால்வு மாத்தினோம். அதுக்கு ஆன செலவு எங்க ஒரு நாள் வியாபாரத்தைவிடக் கம்மி.

நாமதான் இன்ஸ்பெக்டர்

"அரசாங்கத்துல பாய்லரைச் சோதிக்க அதிகாரி இருப்பாரே?"ன்னு கேட்பீங்க. இருக்காங்க. 1923லயே பாய்லர் சட்டம் வந்தது. 2025ல அதுக்குப் பதிலா புதுச் சட்டம் வந்திருக்கு. ஆனா 25 லிட்டருக்குக் குறைவா தண்ணி பிடிக்கிற பாய்லர் அந்தச் சட்டக் கணக்குல வராது. நம்ம காபி மெஷின்கள் பெரும்பாலும் அதைவிடச் சின்னது. அதனால, அதிகாரி வந்து பார்த்துச் சொல்வார்னு காத்திருக்க முடியாது. நமக்கு நாமதான் இன்ஸ்பெக்டர்.

கடலுக்குப் போறதுக்கு முன்னாடி எங்க வீட்டு ஆம்பளைங்க வலையைக் கரையில விரிச்சு, கண்ணி கண்ணியாப் பார்ப்பாங்க. நடுக்கடல்ல கிழிஞ்ச பிறகு பார்த்து என்ன பிரயோஜனம்? அதே மாதிரி நாங்க ஏழு விஷயம் வச்சிருக்கோம். கேஸ் பத்த வைக்கிறதுக்கு முன்னாடி, சுவிட்ச் போடறதுக்கு முன்னாடி, ஒருத்தர் சத்தமாப் படிப்பாங்க, இன்னொருத்தர் அந்தந்த பாகத்தைக் கையால தொட்டுக் காட்டுவாங்க.

1. தண்ணி: கண்ணாடிக் குழாயில ரெண்டு கோட்டுக்கும் நடுவுல தண்ணி இருக்கா?
2. வால்வு: சேஃப்டி வால்வு மேல கம்பி, துணி, பாரம் எதுவும் இல்லையே? ஆவி வெளிவர்ற வாய் ஆள் நிக்கிற பக்கம் பார்க்கலையே?
3. முள்: மெஷின் ஆறியிருக்கும்போது முள் பூஜ்யத்துல நிக்குதா? நிக்கலைன்னா மீட்டர் கெட்டுப் போச்சு. அன்னிக்கு அந்த மெஷின் ஓடாது.
4. மூடி: ரப்பர் வாஷர் வெடிப்பில்லாம இருக்கா, மூடி நேரா உட்கார்ந்திருக்கா?
5. ஆவிக் குழாய்: துளை அடைக்காம இருக்கா?
6. கேஸ் அல்லது கரண்ட்: டியூப்ல வெடிப்பு, வாசனை இருக்கா? ஒயர், பிளக் கருகியிருக்கா?
7. இடம்: மெஷின் ஆடாம நிக்குதா? குழந்தைங்க கைக்கு எட்டாம இருக்கா? தரை காஞ்சிருக்கா?

ஏழும் சரின்னா நோட்டுல தேதி போட்டு ரெண்டு பேரும் கையெழுத்துப் போடுவோம். படிக்கத் தெரியாத உறுப்பினர்களுக்காக நகப்பூச்சு வாங்கி, முள் தாண்டக்கூடாத இடத்துல சிவப்புக் கோடும், தண்ணிக் குழாயில குறைஞ்ச அளவுக்கு ஒரு கோடும் போட்டு வச்சிருக்கோம். எந்த அளவுன்னு மெஷின் தகட்டுலயோ புத்தகத்துலயோ போட்டிருக்கும். நம்ம இஷ்டத்துக்குக் கோடு போடக்கூடாது.

ஆவி மெஷினை ஓட்டும்போது

சூடு ஏறும்போது ஆவிக் குழாயைக் கொஞ்சம் திறந்து வைங்க. உள்ள இருக்குற காத்து முதல்ல போயிடணும். ஆவி சீரா வர ஆரம்பிச்சதும் மூடுங்க. இல்லைன்னா காத்து விரிஞ்சு முள்ளைத் தூக்கும், ஆவி இல்லாமலே ஆவி இருக்குன்னு பொய் சொல்லும்.

வேலை நடக்க நடக்கத் தண்ணி மட்டம் இறங்கணும். ஐம்பது காபி போட்ட பிறகும் ஒரே இடத்துல நின்னா, குழாய் அடைச்சிருக்குன்னு அர்த்தம், நம்பாதீங்க. தண்ணி கோட்டுக்குக் கீழ போயிடுச்சா? உடனே கேஸை அணைங்க. காய்ஞ்சு போன சூட்டு பாய்லர்ல பச்சைத் தண்ணி ஊத்தவே கூடாது. முழுசா ஆறட்டும்.

நடுவுல தண்ணி ஊத்தணும்னா வரிசை இதுதான்: கேஸை அணைக்கணும். ஆவிக் குழாயை முழுசாத் திறந்து ஆவியை வெளியே விடணும். முள் பூஜ்யத்துக்கு வரணும், குழாயில இருந்தும் ஆவி நிக்கணும். ரெண்டும் நடந்த பிறகுதான், கெட்டித் துணி போட்டு, முகத்தை விலக்கி, மூடியை மெதுவாத் திருகணும். பந்தியில நூறு பேர் நின்னாலும் சரி. "தண்ணி ஊத்தறோம், பொறுங்க"ன்னு சொல்லிடுங்க. காபிக்கு யாரும் சாக மாட்டாங்க!

கடை மூடும்போதும் ஆவியை வெளியே விட்டு, குழாயைத் திறந்து வைங்க. மூடியே வச்சா, ஆறும்போது உள்ள வெற்றிடமாகும். அப்புறம் பால்ல முங்கியிருக்கும்போது குழாயைத் திறந்தா, பாலையே பாய்லர் உறிஞ்சிடும். மறுநாள் நாத்தம் தாங்காது, குழாயும் அடைக்கும்.

பால் நுரைக்கும்போது

குவளையில பாதிக்கு மேல பால் வேண்டாம், நுரை பொங்கும். பால்ல விடறதுக்கு முன்னாடி குழாயை ஒரு தடவை வெறுமனே திறந்து, உள்ள தேங்கின தண்ணியை வெளியேத்துங்க. முதல்ல நுனி பால் மட்டத்துக்குச் சற்றுக் கீழ இருந்தா நுரை கட்டும். அப்புறம் கொஞ்சம் ஆழமா விட்டா சூடேறும். 60லேர்ந்து 65 டிகிரி போதும். நம்ம ஜனங்க இன்னும் சூடாக் கேட்பாங்க, 70ஐத் தாண்டினா பாலோட இனிப்பும் நுரையும் கெடும். முக்கியமானது: ஆவியை மூடின பிறகுதான் குவளையை இறக்கணும். மூடாம இறக்கினா கொதிக்கிற பால் கையிலயும் முகத்திலயும் தெறிக்கும்.

முடிஞ்சதும் ஈரத்துணியால குழாயைத் துடைச்சு, மறுபடி ஒரு தடவை ஆவி விடுங்க. அந்தத் துணி அதுக்கு மட்டும்தான், மேசை துடைக்க எடுக்காதீங்க. குழாயை வெறுங்கையால தொடாதீங்க.

கிராமத்துச் சகோதரிகளுக்கு ஒண்ணு. பாக்கெட் பால் ஏற்கெனவே பதப்படுத்தினது. உங்க வீட்டு மாட்டுல கறந்த பாலை முதல்ல நல்லாக் காய்ச்சி எடுத்துக்கிட்டு, அப்புறம்தான் மெஷினுக்குக் கொண்டு வரணும். ஆவி நுரை மட்டும் கிருமிக்குப் போதாது. மிச்சம் பாலைத் திரும்பத் திரும்பச் சூடாக்கியும் கொடுக்காதீங்க.

கைப்பிடி மெஷினில்

ரெண்டு கப்புக்கு 14லேர்ந்து 18 கிராம் தூள், சமமாப் பரப்பி நேரா அமுக்கணும். காபி 25லேர்ந்து 30 விநாடிக்குள்ள மெல்லிய தாரையா இறங்கினா அரவை சரி. சீக்கிரம் கொட்டினா தூள் கரடு, சொட்டு சொட்டா வந்தா ரொம்ப மாவு.

ஆபத்து இங்கதான் இருக்கு. தூள் ரொம்ப மாவா இருந்து காபியே இறங்கலைன்னா, என்னாச்சுன்னு பார்க்கக் கைப்பிடியை உடனே கழட்டத் தோணும். கழட்டாதீங்க! உள்ள அழுத்தம் அடைபட்டிருக்கு. கழட்டினா சுடு தூளும் தண்ணியும் மூஞ்சியில அடிக்கும். முதல்ல பம்பை நிறுத்துங்க. அழுத்தம் அடங்கக் காத்திருங்க. பிறகு முகத்தைத் தள்ளி வச்சு, மெதுவாத் திருப்புங்க. பம்பு ஓடும்போது கைப்பிடியில கை வைக்கறதே தப்பு.

உப்புத் தண்ணியும் உப்புக் காத்தும்

எங்க ஊர் நிலத்தடித் தண்ணியை வாயில வைக்க முடியாது, உப்பு. காட்டுப்பள்ளியில கடல் தண்ணியைக் குடிநீராக்குற ஆலை 2010ல வந்தது, நாளைக்கு 10 கோடி லிட்டர் அளவு. ஆனா அதுக்குப் பக்கத்து ஊர்ல நாங்க இன்னும் குடத்தைத் தூக்கிட்டு லாரித் தண்ணிக்கு நிக்கிறோம், அது வேற கதை. உங்க ஊர் போர் தண்ணியும் பல இடத்துல கடினத் தண்ணிதான். தண்ணி காய்ச்சற பாத்திரத்துல வெள்ளையாப் படியுமே, அதே படிவுதான் பாய்லருக்குள்ள படியும். குழாய் அடைக்கும், தண்ணி மட்டம் பொய் காட்டும், வால்வு ஒட்டிக்கிட்டுத் திறக்காது. உப்பு அதிகமானா இரும்பு, எவர்சில்வர் எல்லாத்தையும் அரிக்கும்.

அதனால காபிக்கு எந்தத் தண்ணியோ, பாய்லருக்கும் அதே நல்ல தண்ணிதான். படிவு எடுக்க எலுமிச்சை உப்புக் கரைசல் போடறாங்க. அதை மெஷின் முழுசா ஆறின பிறகு, தெரிஞ்ச மெக்கானிக்கைக் கூட வச்சுக்கிட்டுச் செய்யுங்க. பல தடவை நல்ல தண்ணியில கழுவி வெளியேத்தணும். நாங்க மூணு மாசத்துக்கு ஒரு தடவை செய்றோம், உங்க தண்ணிக்கு ஏத்த மாதிரி வச்சுக்கோங்க.

கரண்டும் கேஸும்

3,000 வாட்ஸ் மெஷின் ஏறக்குறைய 13 ஆம்பியர் இழுக்கும். மிக்சி போடற பிளக்குல, எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்ல மாட்டினா ஒயர் உருகும். தனி லைன், எர்த், 30 மில்லி ஆம்பியர்ல விழற கசிவுக்காப்பு சுவிட்ச் - இந்த மூணும் வேணும். அந்த சுவிட்ச்ல 'டெஸ்ட்' பொத்தான் இருக்கும், மாசம் ஒரு தடவை அழுத்தி விழுதான்னு பாருங்க. ஈரக்கையோட, வெறுங்காலோட தொடாதீங்க. மெஷினைக் கழுவறேன்னு குழாய்த் தண்ணி அடிக்காதீங்க. பழைய மெஷின் வாங்கினா, வெள்ளத்துல நின்னதான்னு கேளுங்க. வெயில்ல காய வச்சா மட்டும் போதாது, எலக்ட்ரீஷியன் பிரிச்சுப் பார்க்கணும்.

கேஸ் மெஷினுக்கு 19 கிலோ வணிக சிலிண்டர்தான், வீட்டு சிலிண்டரை எடுக்காதீங்க. சிலிண்டர் நிமிர்ந்து நிக்கணும், அடுப்புல இருந்து தள்ளி நிக்கணும். இந்த கேஸ் காத்தைவிடக் கனம், தரையோட தேங்கும். வாசனை வந்தா ரெகுலேட்டரை மூடி, கதவைத் திறந்து, சுவிட்ச் எதையும் போடாம, அணைக்காம வெளியே வந்து 1906க்கு போன் பண்ணுங்க.

உடுப்பிலயும் கவனம் வேணும். முந்தானையை இடுப்புல சொருகி, மேல பருத்தி ஏப்ரன் கட்டிக்கோங்க. நைலான் புடவை உருகி ஒட்டும். காலுக்கு மூடின செருப்பு போடுங்க.

கை வெந்து போனால்

ஓடற பச்சைத் தண்ணியில 20 நிமிஷம் காட்டுங்க. மொண்டு மொண்டு ஊத்தினாலும் சரி. கடிகாரம் பார்த்து 20 நிமிஷம். வீங்கறதுக்கு முன்னாடி வளையல், மோதிரம், மெட்டியைக் கழட்டுங்க. தோல்ல ஒட்டின துணியைப் பிய்க்காதீங்க. பற்பசை, இங்க், தோசை மாவு, மஞ்சள், ஐஸ் எதுவும் வேண்டாம். கொப்புளத்தை உடைக்காதீங்க. சுத்தமான துணியால லேசா மூடி ஆஸ்பத்திரிக்குப் போங்க. முகம், கண், கைவிரல்னா, இல்லை காயம் உள்ளங்கையைவிடப் பெருசுன்னா, 108ஐக் கூப்பிடத் தயங்காதீங்க.

பிரதம மந்திரி சுரக்ஷா பீமா விபத்துக் காப்பீட்டுல எல்லாரும் சேர்ந்திருக்கோம். வருஷத்துக்கு 20 ரூபாய், 18லேர்ந்து 70 வயசு வரை. விபத்துல உயிரிழப்பு, நிரந்தர ஊனம்னாதான் பணம் வரும், வைத்தியச் செலவுக்கு வராது. அதனால குழு நிதியில வைத்தியத்துக்குன்னு மாசா மாசம் தனியா எடுத்து வைக்கிறோம்.

எங்கள் தீர்மானம்

கடைசியா, தீர்மான நோட்டுல எழுதியிருக்கறதை அப்படியே படிக்கிறோம். ஏழு விஷயத்தையும் எல்லார் முன்னாடியும் செய்து காட்டாத உறுப்பினர் யாரும் மெஷினைத் தொடக்கூடாது. ஊக்குநர், பிரதிநிதிக்கும் இதே சட்டம்தான். மெஷின்ல சந்தேகம்னு ஒரே ஒரு உறுப்பினர் சொன்னாலும் அன்னிக்கு மெஷின் நிக்கும். சொன்னவங்களை யாரும் குறை சொல்லக்கூடாது. நஷ்டத்தை எல்லாரும் பங்கு போட்டுக்கணும்.

இந்தத் தீர்மானம் போட்ட பிறகு முதல்ல செய்து காட்டினது யார் தெரியுமா? கை வெந்தவங்கதான். இப்ப புதுசா வர்றவங்களுக்குச் சொல்லிக் கொடுக்கறதும் அவங்கதான். தண்ணி ஊத்தற மூடிக்கிட்ட வரும்போது மட்டும் முழுக்கைச் சட்டையைத் தூக்கிக் காட்டுவாங்க. அதுக்கு மேல விளக்கம் தேவைப்படறதில்லை.

நீங்க மெஷின் வாங்கும்போது விலையை மட்டும் கேட்காதீங்க. "சேஃப்டி வால்வு எங்க இருக்கு, எத்தனை கிலோவுல திறக்கும், எப்ப மாத்தினீங்க, எங்க பன்னிரண்டு பேருக்கும் சொல்லித் தருவீங்களா?"ன்னு கேளுங்க. பதில் சொல்லத் தயங்கினா, பணத்தை முந்தானையில முடிஞ்சுக்கிட்டுத் திரும்பி வந்துடுங்க.

அந்தக் கம்பியை நாங்க தூக்கிப் போடலை. கடைச் சுவத்துல, நோட்டுக்குப் பக்கத்துல ஆணியில மாட்டி வச்சிருக்கோம். கடல் காத்துல இப்ப துருப்பிடிச்சிருக்கு. யாரும் துடைக்கறதில்லை. போகும்போது பார்த்துட்டுப் போங்க.

வாங்க, இன்னொரு காபி குடிக்கலாம். இந்தத் தடவை ஏழு விஷயத்தையும் நீங்க படிங்க, நாங்க தொட்டுக் காட்டறோம்.